பதினோரு பேருக்குக் கங்காணி

என் மகன் பல வருடங்கள் இலங்கை ஹாக்கி அணியின் தலைவனாக இருந்தான். இந்திய அணியோடு கண்டியில் நடக்கவிருந்த ஆட்டமே கடைசி, அதற்கு மேல் முழங்கால் தாங்காது என்று எங்களிடம் சொல்லியிருந்தான்.

அதற்கு முன் தாயின் நேர்த்திக்கடனைத் தீர்க்க அவளைத் திருச்சிப் பக்கம் அழைத்துப் போனான். அணியோடு கடல் கடந்தபோதெல்லாம் அவனுக்கு இரண்டாம் வகுப்பு. மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த என் மனைவிக்கோ மூன்றாம் வகுப்பில் சனத்தோடு சனமாக இருந்தால்தான் பயணம். அவனும் அவளோடேயே உட்கார்ந்து வந்தான்.

திரும்பும்போது, மூன்றாம் வகுப்பில் வந்ததால், தோட்டங்களுக்கு வருகிறவர்களை நோய்க்குப் பயந்து தடுத்து வைக்கும் முகாமில் இருவரையும் நிறுத்திவிட்டார்கள். அங்கே நடந்ததை மனைவி பிறகு சொன்னாள்.

“எந்தத் தோட்டம்? உங்களைக் கூட்டிட்டுப் போற கங்காணி யாரு?” என்று கேட்டிருக்கிறார் முகாம் எழுத்தர்.

“தோட்டம் இல்லைங்க. நான் இலங்கை ஹாக்கி டீமுக்கு கேப்டன்.”

“அது இருக்கட்டும்பா. கங்காணி யாரு?”

“பதினோரு பேருக்கு நான்தான் கங்காணி. அப்படியே போட்டுக்கங்க.”

எழுத்தர் சிரிக்கவில்லை. வரிசையைக் காட்டினார். எல்லோருடைய துணிகளையும் போலவே மூட்டையிலிருந்த அணியின் கம்பளிக் கோட்டையும் நீராவியில் போட்டு அவித்தார்கள்.

முகாமில் நிறுத்திவிட்டார்கள், ஆட்டத்துக்கு வர முடியாது என்று மகன் அடித்த தந்தி ஆட்டத்தன்று காலைதான் எனக்கு வந்தது. மைதானத்துக்கு ஓடி அணிச் செயலாளரிடம் காட்டினேன். அவர் யாழ்ப்பாணத்தவர். ஒவ்வொரு வருடமும் என் கையைக் குலுக்கி, பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்பார். தந்தியை இரண்டு முறை வாசித்தார்.

“உங்கட மகன் தோட்டத்து ஆளோ? இவ்வளவு காலமும் ஒருத்தரும் சொல்லேல்லையே.”

“அவங்கம்மா தோட்டம்தாங்க” என்றேன். குரலைத் தாழ்த்திச் சொன்னேன். அந்த மனிதருக்கு முன்னால் நான் ஏன் குரலைத் தாழ்த்தினேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

வேறொருவனைத் தலைவனாக்கி ஆடினார்கள். தலைவருக்குச் சுகமில்லை என்று அறிவித்தார்கள். அதன் பிறகு அணியின் எந்த நிகழ்ச்சிக்கும் அவனை அழைக்கவில்லை. வழியனுப்பு விழாவும் இல்லை. தெருவில் கண்டால் செயலாளர் எனக்குத் தலையை மட்டும் ஆட்டுவார்.

முகாமிலிருந்து வந்த மகன் கோட்டைப் போட்டுப் பார்த்தான். சுருங்கிப்போயிருந்த கோட்டின் கை முழங்கையைச் சற்றே தாண்டி நின்றது. மனைவி அதைக் கழற்றி வாங்கி, மேசையில் விரித்து, நனைத்து நனைத்து இழுத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தாள்.

“நீ ரெண்டாம் வகுப்புல வந்திருக்கலாமேப்பா. நான் தனியா வந்திருப்பேன்ல.”

“வந்திருக்கலாம்மா” என்றான். “தேய்ச்சது போதும், விடுங்க. அது நீளாது.”

அவள் விடவில்லை.