நடுவில் இருந்த கறுப்பு

அம்மா முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படித்தாள். இரும்பு மூடியைக் கொக்கியால் தூக்கி, குழிக்குள் குனிந்து, சேறு படிந்த கண்ணாடியைத் துணியால் துடைத்து எண்களைக் குறித்துக்கொள்வாள். சில மீட்டர்கள் சுவர்ப்பக்கம் திரும்பியிருக்கும். அதற்கென்று பையில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. இடவலம் மாறிய எண்களை நிற்காமல் படிப்பாள். அந்தத் தெருக்களில் அவள் பெயர் மீட்டரம்மா.

வீடு பூட்டியிருந்தால் உத்தேசமாக எழுதிக்கொள்ளலாம். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். அவள் மறுநாள் மறுபடி போவாள். "ஊர்ல யாருக்கும் இல்லாத அக்கறை உனக்கு எதுக்கும்மா?" என்று மேற்பார்வையாளர் சலித்துக்கொண்டாராம். "பார்க்காததை எழுத நான் எதுக்கு சார்? நீங்களே உட்கார்ந்த இடத்துல எழுதிக்கலாமே" என்றாளாம்.

ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியது. மூன்றாம் மாடியில், கிழக்கு ஜன்னலை ஒட்டிக் கட்டிலைப் போட்டேன். மருத்துவர் என்னைத் தனியே கூப்பிட்டு, இனி மாதக் கணக்கு இல்லை, வாரக் கணக்கு என்றார்.

ஒரு மாலை ஐந்து மணிக்கு அம்மா கூப்பிட்டாள்.

"அடியே, இங்க வா. இன்னும் பொழுதே சாயல, அதுக்குள்ள வந்து நிக்குது பாரு."

ஜன்னலில் நிலா.

"அந்தக் கறைகிட்டயெல்லாம் பள்ளம் பள்ளமா இருக்குமாமே, நிஜமா?"

"ஆமாம்மா."

"நீ பார்த்திருக்கியா?"

"படத்துல."

"படத்துல நானும்தான் பார்த்தேன். கிட்டக் காட்டு. நானே பார்க்கணும்."

அவள் என்னிடம் எதுவும் கேட்டவள் இல்லை. அதன்பின் இரண்டு நாள் மழை, அதற்குள் பௌர்ணமி வந்துவிட்டது. இருட்டினால் மருந்து அவளைத் தூங்க வைத்துவிடும். வளர்பிறையின் கடைசி ஐந்தாறு நாட்களில்தான் மாலை வேளையில் நிலா அந்த ஜன்னலுக்கு வரும். அடுத்த முறைக்கு இருபத்து நான்கு நாள். அதுவரை அவள் இருக்க வேண்டும்.

அழுத்தமானிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் எனக்கு வேலை. எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். ஜன்னலின் அகலம், சட்டத்தின் உயரம், கட்டிலின் உயரம், தலையணையில் சாய்ந்தால் அவள் கண் வரும் உயரம், எல்லாவற்றையும் அளந்தேன். ஜன்னல் கண்ணாடி பிம்பத்தைக் குலைக்கும், திறந்துதான் வைக்க வேண்டும். மாலையில் சூரியன் வீட்டுக்குப் பின்னால் போய்விடும், ஆபத்தில்லை. பதினான்கு தொலைநோக்கிகளை ஒரு அட்டவணையில் போட்டேன்.

"இதுக்கு நீ ராக்கெட்டே செஞ்சிருக்கலாம்டி" என்றாள் அம்மா.

"எல்லாம் தலைகீழாத் தெரியும்மா, பரவாயில்லையா?"

"பொழைப்பே கண்ணாடியில திருப்பிப் படிச்ச பொழைப்பு. என்கிட்டப் போய்க் கேக்கற!"

கடைக்காரர் முக்காலியில் நின்ற ஒரு நீளக் குழாயைக் காட்டினார்.

"முதல்முறை வாங்கறவங்க இதைத்தான் எடுப்பாங்க. எத்தனை மடங்கு காட்டும் தெரியுமா?"

"மடங்கு இருக்கட்டும். கண்ணை எங்க வைக்கணும்?"

"பின்னாடிங்க."

"நிலா மேல ஏற ஏற அது கீழ போகும். அம்மா படுத்திருக்காங்க. கழுத்தை ஒடிச்சாத்தான் பார்க்க முடியும்."

அவர் அதை ஓரமாக நகர்த்தினார். பிறகு மேசைமேல் வைக்கிற ஒரு குட்டைத் தொலைநோக்கியை எடுத்து வந்தார். உள்ளே குழியாடி. எதிரே, குழாயின் வாய்க்கருகே, ஒரு சின்ன ஆடி ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும். கண் வைக்கும் துளை பக்கத்தில் இருந்தது. கட்டிலோரம் ஸ்டூலில் வைத்தால் அவள் முகத்துக்கு நேராக வரும். வாங்கினேன். பெட்டியில் அந்தத் துளையில் மாட்ட இரண்டு கண்வில்லைகள் இருந்தன. ஒன்று இருபத்தைந்து மில்லிமீட்டர், இன்னொன்று பத்து. இருபத்தைந்தில் நிலா முழுதாக அடங்கும், சீக்கிரம் நகர்ந்து போகாது, அவளைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. அதையே போட்டேன்.

இருபத்து நான்கு நாளும் அவள் இருந்தாள். வலி மருந்து மட்டும் இரண்டு மடங்கானது. தினமும் வரும் நர்ஸ் அவள் கண்ணில் விளக்கடித்துப் பார்ப்பார். "கண்மணி குண்டூசி முனை மாதிரி ஆயிடுச்சு பாருங்க. மருந்தோட குணம்தான், பயப்படாதீங்க." நோட்டில் எழுதிக்கொண்டேன்.

முதல் மூன்று மாலையும் மேகம். நான்காம் நாள் வானம் திறந்தது. வெளியே வெயில் வெளிச்சம் இன்னும் இருந்தது. நான் திரை போட்ட உள்ளறையிலிருந்து வந்து கண்ணை வைத்தேன். நிலா. ஓரத்தில் பள்ளங்கள், ஒவ்வொன்றிலும் நிழல். அம்மாவைத் தலையணையோடு நிமிர்த்தினேன்.

"தெரியுதாம்மா?"

"நடுவுல கறுப்பா இருக்கு."

"நிலா கறுப்பு இல்லம்மா. நல்லாப் பாரு."

"நல்லாத்தான் பார்க்கறேன். நடுவுல வட்டமாக் கறுப்பு. சுத்தி வெளுப்பு."

மறுபடி நான் பார்த்தேன். நிலா அப்படியே இருந்தது. அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துத் துளைக்கு நேர் நடுவில் வைத்தேன்.

"இப்போ?"

"கறுப்பு."

"அசையாதம்மா."

"அசைஞ்சா ஓரத்துல ஏதோ வருதுடி. கறுப்பு நகருது."

"நீ அசைஞ்சா ஒண்ணும் தெரியாதும்மா. கெஞ்சிக் கேக்கறேன்."

இருபது நிமிடம் பிடித்திருந்தேன். தெரிகிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவிடமாட்டாளா என்றுகூட நினைத்தேன். அவள் சொல்லவில்லை.

"என் மூக்குக் கண்ணாடியாலயா?"

"கண்ணாடியால இல்லம்மா. தொலைநோக்கியிலயும் கோளாறு இல்ல. எனக்கு நல்லாத் தெரியுது. உன் கண்ணுதான்..."

நோய் தலைக்கு ஏறிவிட்டது என்று முடிவு செய்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. அவளே புரிந்துகொண்டாள்.

"கண்ணும் போச்சா" என்றாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் தந்தாள். அதன்பின் செய்தித்தாள் கேட்கவில்லை. மருந்துச் சீட்டை முன்புபோல் தானே படித்துப் பார்க்கவில்லை. யார் வந்தாலும், "யாரு, எனக்குக் கண்ணு தெரியல" என்றாள். பதினோராம் நாள் போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்துத் தொலைநோக்கியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். நண்பகல். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, தூரத்து நீர்த்தொட்டிக்குத் திருப்பினேன்.

நடுவில் வட்டமாகக் கறுப்பு. சுற்றி வெளுப்பு.

வாயருகே இருக்கும் சின்ன ஆடியின் நிழல் அது. இருபத்தைந்து மில்லிமீட்டர் வில்லையில் வெளிவரும் ஒளிக்கற்றை ஐந்து மில்லிமீட்டர் அகலம். அதன் நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் நிழல். உள்ளறை இருட்டிலிருந்து வந்த என் கண்மணி விரிந்திருந்தது, நிழலைத் தாண்டிப் பார்த்தது. வெயிலில் சுருங்கினால் நிழல் தெரியும். மருந்தில் குண்டூசி முனையாகச் சுருங்கிய கண்மணி அந்த நிழலுக்குள்ளேயே அடங்கிவிடும். அளவு விநோதமாக வந்தால் முதலில் கருவியைச் சோதி என்று ஆய்வகத்தில் புதிதாக வருபவர்களுக்கு நான்தான் சொல்லித் தருகிறேன்.

பத்து மில்லிமீட்டர் வில்லையைப் போட்டேன். ஒளிக்கற்றையும் நிழலும் பாதிக்குமேல் சுருங்கின, கறுப்பு போய்விட்டது. தொட்டியின் ஏணிப்படிகளை எண்ண முடிந்தது. மாற்ற அரை நிமிடம்கூட ஆகவில்லை.

பழைய வில்லையை மறுபடி போட்டு, தலையை ஒரு நூலளவு வலப்பக்கம் சாய்த்தேன். ஓரத்திலிருந்து தொட்டி உள்ளே வந்தது.

அன்று அவளும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தாள். நான் நடுவுக்குத் தள்ளியபோது கழுத்தை விறைத்துக் கொஞ்சம் எதிர்த்தாள். என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. வலியால் என்று நினைத்து, இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.