ஸ்டெல்லா பேரில் வந்த மெயில்

1. ஏணி மேல் வந்த போன்

“செல்விக்கா, நான் எதுவுமே அனுப்பலக்கா. சத்தியமா அனுப்பல. சாயங்காலத்துக்குள்ள வேலைய வுட்டு நின்னுக்கறேன்னு எழுதிக் குடுக்கச் சொல்றாருக்கா.”

இந்த போன் வந்தபோது நான் விழுப்புரத்தில் ஒரு கிளினிக்கில் ஏணி மேல் நின்று ரௌட்டர் மாட்டிக்கொண்டிருந்தேன். சுற்றுவட்டாரத்துப் பள்ளிக்கூடம், கிளினிக், ரைஸ் மில்லுக்கெல்லாம் நெட்வொர்க்கும் மெயிலும் பார்ப்பதுதான் என் தொழில். பேசியது ஸ்டெல்லா. திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியின் ஆபீஸ் கிளார்க். முகையூர்ப் பக்கத்துப் பெண். புருஷன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய் வீட்டில் கிடக்கிறார். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் அதே பள்ளியில் ஃபீஸ் சலுகையில் படிக்கிறார்கள். வேலை போனால் அவர்கள் படிப்பும் கூடவே போய்விடும்.

விஷயம் இதுதான். பள்ளித் தாளாளருக்கு முந்தின நாள் ஒரு மெயில் வந்திருக்கிறது. உள்ளே ஸ்கேன் செய்த ஒரு மொட்டை மனு. பள்ளியின் நாலாம் நம்பர் பஸ்ஸின் அவசர வழிக் கதவு தாழ்ப்பாள் கெட்டுப்போனதால் கம்பி போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள், சரி செய்யாவிட்டால் கலெக்டர் வரைக்கும் போவோம் என்று எழுதியிருந்தது. அனுப்பியவர் இடத்தில் ஸ்டெல்லாவின் ஆபீஸ் மெயில் ஐடி. அவ்வளவுதான், தாளாளர் முடிவு கட்டிவிட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்தப் பள்ளிக்கு மெயில் செட்டப் செய்து கொடுத்தவள் நான். சர்வர் என் கையில் இருக்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஒருத்தியை வீட்டுக்கு அனுப்புவதா? “எதுலயும் கையெழுத்துப் போட்டுத் தொலைக்காத. வந்துக்கினே இருக்கேன்” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். கிளினிக் டாக்டர் முறைத்தார். முறைக்கட்டும் என்று திண்டிவனம் பஸ் ஏறிவிட்டேன்.

2. கீழேயிருந்து படி

தாளாளர் கெட்ட மனிதர் இல்லை. மூக்கு நுனியில் கோபம், அதுதான் வியாதி. மேஜை மேல் மெயிலின் பிரிண்ட் அவுட்டைப் போட்டு விரலால் தட்டினார்.

“இன்னாம்மா செல்வி, இதுக்கா விழுப்புரத்துலேர்ந்து வந்த? டைமைப் பாரு. காலைல ஏழு முப்பத்தஞ்சு. அந்நேரத்துக்கு ஆபீஸைத் தொறக்கறது யாரு? இவதான். சாவியும் இவகிட்டதான். சென்ட் ஃபோல்டர்ல காணோமாம். டெலீட் பண்ணிட்டா எப்படி இருக்கும்?”

“சார், பிரிண்ட் அவுட்டை வெச்சிக்கினு ஒரு குடும்பத்தைத் தெருவுல வுடாதீங்க. மெயிலைத் தொறங்க. ஹெட்டரைப் பாத்துட்டு அப்புறம் பேசுவோம்.”

புதியவர்களுக்காகச் சொல்கிறேன், ஹெட்டர் என்பது மெயிலின் தலையில் மறைந்திருக்கும் பயணக் குறிப்பு. ஒரு மெயில் ஒவ்வொரு சர்வரைக் கடக்கும்போதும், அந்த சர்வர் தன் பங்குக்கு ஒரு ‘ரிசீவ்டு’ வரி எழுதிவிடும். தபால் உறை மேல் முத்திரை குத்துகிற மாதிரி. புது வரி மேலே மேலே ஏறும், அதனால் பிறந்த இடம் தெரியவேண்டுமானால் அடியிலிருந்து படிக்கவேண்டும். அனுப்பியவர் பேரை எவன் வேண்டுமானாலும் எழுதலாம். நம்ம சர்வரே குத்தின முத்திரையை வெளியாள் மாற்ற முடியாது.

யாரோ வெளியிலிருந்து ஸ்டெல்லா பேரைப் போட்டு அனுப்பியிருக்கிறான் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். பார்த்தால் கதையே வேறு. போலி இல்லை. ஸ்டெல்லாவின் ஐடி, ஸ்டெல்லாவின் பாஸ்வேர்டு. எந்த இணைப்பிலிருந்து போனது என்று காட்டும் ஐபி நம்பரோ அந்தப் பள்ளியின் சொந்த பிராட்பேண்ட் லைன்.

“பாத்தியா? நான் சொன்னா ஒத்துக்க மாட்டியே!” என்றார் தாளாளர். கதவோரம் நின்ற ஸ்டெல்லா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இருங்க சார், அவசரப்படாதீங்க” என்றேன். எனக்கே நம்பிக்கை பாதி போய்விட்டது. ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு பாதி வரியில் எழுந்திருக்க மாட்டேன். அடி வரியை எழுத்தெழுத்தாகப் படித்தேன்.

சர்வரோடு பேச ஆரம்பிக்கும்போது ஒவ்வொரு கருவியும் முதலில் தன் பேரைச் சொல்லும். அதை ‘ஹெலோ’ என்போம். ஸ்டெல்லாவின் கம்ப்யூட்டருக்குப் பேர் வைத்தவளே நான்தான். இந்த வரியில் அந்தப் பேர் இல்லை. ஏதோ கம்பெனி மாடல் நம்பர் இருந்தது. எழுந்து வராண்டாவுக்குப் போனேன். ஆசிரியர் அறைக்கு வெளியே பெரிய ஜெராக்ஸ் மெஷின். நெற்றியில் அதே மாடல் நம்பர்!

செட்டிங்ஸைத் திறந்தேன். ‘ஸ்கேன் டு மெயில்’, அதாவது ஸ்கேன் எடுத்ததை மெஷினே நேராக மெயிலில் அனுப்புகிற வசதி, அதில் அனுப்புநர்: ஸ்டெல்லா.

“மெஷின் மாட்ட வந்தவன் உன் பாஸ்வேர்டு கேட்டானா?”

“ஆமாக்கா. ஏதாச்சும் ஒரு மெயில் ஐடி சொல்லுங்கன்னாரு. நான்தான் பக்கத்துல இருந்தேன். குடுத்தேன்.”

நம் ஊரில் எல்லா ஆபீஸிலும் இதே கூத்துதான். மாட்ட வருகிறவன் கைக்கு எட்டின ஆளின் ஐடியைப் போட்டுவிட்டுப் போய்விடுவான். ஒரு ரைஸ் மில்லில் சிசிடிவி ஓடிபி இன்றைக்கும் வாட்ச்மேன் போனுக்குத்தான் வருகிறது. இந்தப் பள்ளியில் எல்லாரும் பென் டிரைவில்தான் ஸ்கேன் எடுப்பார்கள். மெயில் பட்டனைத் தொட்டால் யார் பேரில் போகும் என்று ஒருத்தருக்கும் தெரியாது, அமுக்கினவருக்கும் தெரிந்திருக்காது.

“சரி, மெஷினுன்னே வெச்சிக்குவோம். ஏழு முப்பத்தஞ்சுக்கு மெஷின்கிட்ட நிக்கறது யாரு? இவதானே?” என்றார் தாளாளர். நியாயமான கேள்வி. திரும்பவும் ஹெட்டருக்கு வந்தேன். மெஷின் எழுதின தேதி வரியில் பதினொன்று ஐந்து என்று இருந்தது, பின்னால் கிரீன்விச் நேரத்துக்கு ப்ளஸ் ஒன்பது மணி நேரம். நம்மூருக்கு ப்ளஸ் ஐந்தரைதான் வரவேண்டும். மாட்டினவன் கடிகாரத்தை நம்ம டைமுக்குத் திருப்பிவிட்டு, டைம் ஜோனில் நாட்டை ஜப்பானிலேயே விட்டுவிட்டான். அதனால் மூன்றரை மணி நேரத்தைக் கழித்து மெயில் ஏழு முப்பத்தைந்து என்று காட்டுகிறது. என் சர்வர் குத்தின முத்திரை தெளிவாகச் சொன்னது, பகல் பதினொன்று ஐந்து.

“நேத்து பதினொரு மணிக்கு ஸ்டெல்லா எங்க சார் இருந்தா?”

தாளாளர் கண்ணாடியைக் கழற்றினார். “விழுப்புரத்துல. கல்வி ஆபீஸுக்கு நான்தான் அனுப்பிச்சேன்.”

ஸ்டெல்லா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

3. மெஷின் வரைக்கும்தான்

அத்தோடு முடிந்தது என்று பையைத் தூக்கினேன். தாளாளர் விடவில்லை.

“இவ இல்ல, சரி. அப்ப எவன்? அதையும் கண்டுபுடிச்சிட்டுப் போ. கேமராவைப் பாரு.”

“வராண்டாவுல கேமரா இல்ல சார். ஹெட்டர் மெஷின் வரைக்கும்தான் சொல்லும். பட்டனை அமுக்கின விரலைச் சொல்லாது.”

“அப்ப டிரைவர், டீச்சர் அத்தினி பேரையும் நிக்க வெச்சிக் கேக்கறேன். மணி அடிங்கடா!”

நான் ஸ்டெல்லாவுக்குக் கண்ணைக் காட்டினேன், தப்பித்தாய், வீட்டுக்குப் போ என்று. அவள் எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேராக மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“சார், யாரையும் கூப்புடாதீங்க. நான் அனுப்பல, அது நெசம். அந்தக் கதவைக் கம்பி போட்டுக் கட்டி இருக்காங்க, அதுவும் நெசம். நானே பாத்தேன். வேலை பூடும்னு வாயத் தொறக்கல. இப்ப சொல்றேன். அந்த மெயிலு என் பேர்லயே வந்ததா இருக்கட்டும் சார்.”

அடிப்பாவி! விழுப்புரத்திலிருந்து ஓடி வந்து, மண்டையைப் பிய்த்துக்கொண்டு இவள் இல்லை என்று நிரூபித்தால், நின்ற நிலையில் அத்தனையும் தூக்கித் தன் தலையிலேயே போட்டுக்கொள்கிறாள். எனக்கு அவளை அறையலாமா கட்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை.

தாளாளர் பிரிண்ட் அவுட்டை எடுத்தார். அப்போதுதான் மனுவை முழுசாகப் படித்தார் என்று நினைக்கிறேன். எழுந்து பஸ் நிறுத்துகிற இடத்துக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். நாலாம் நம்பர் பஸ்ஸில் ஏறி அவசர வழிக் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். இன்னொரு முறை, இரண்டு கையாலும், காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார். கதவு அசையவில்லை.

“கட்டிங் பிளையர் எடுத்தா. ஜல்தி” என்று டிரைவரிடம் கத்தினார். அப்புறம் குரல் இறங்கிப்போய், “கதவு ரிப்பேராகிற வரைக்கும் இந்த வண்டிய எடுக்காத” என்றார். ஸ்டெல்லாவிடம் எழுதிக் கேட்ட கடிதத்தைப் பற்றிய பேச்சையே அப்புறம் எடுக்கவில்லை. மறுநாள் காலை ஆபீஸைத் திறந்தது அவள்தான்.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, அடி வரியிலிருந்து படியுங்கள், டைம் ஜோனைப் பாருங்கள், மெஷின் மாட்டுகிறவனுக்குச் சொந்த ஐடியைக் கொடுக்காதீர்கள். எல்லாம் சரி. ஆனால் யார் அனுப்பியது என்று தேட உட்காருவதற்கு முன்னால், மெயிலில் எழுதியிருப்பது உண்மையா என்று எழுந்து போய்ப் பாருங்கள். ஹெட்டர் எங்கேயும் ஓடிவிடாது, சர்வரிலேயே கிடக்கும். பஸ் சாயங்காலம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும்.