எக்ஸ்ரே அக்காவின் கறுப்புத் துணி

எங்கள் மிட்டாய் கம்பெனி கேட்டில் இருபத்திரண்டு வருடமாக நிற்பவரை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஷிப்ட் முடிந்து போகிறவர்களின் பையையும் டிபன் டப்பாவையும் சோதிப்பது அவர் வேலை. கையில் ஒரு கறுப்புத் துணி வைத்திருப்பார். அதில் உள்ளங்கையை அழுத்தச் சொல்வார். கை கழுவிவிட்டு வந்த பிறகும் சர்க்கரைத் தூள் வெள்ளையாக ஒட்டினால், கழுவியபின் மிட்டாயைத் தொட்டிருக்கிறோம் என்று அர்த்தம். பேக்கிங்கில் பதினாறு வருடமாக இருக்கும் நான் ஒரே ஒருமுறை மாட்டினேன், இன்னும் சொல்லிக் காட்டுகிறார். வீட்டில் புருஷன் சும்மா சிரித்தால்கூட, "எதுக்கு இப்ப சிரிச்சீங்க?" என்று கேட்கிற ஆள்.

அப்படிப்பட்டவர் கண்ணெதிரில் ஒரு தொண்டு நிறுவனம் வந்து பலகை வைத்தது. முதல் இரண்டு வருடத்தில், சுகர் இருப்பதே தெரியாமல் திரிகிற எல்லோரையும் கண்டுபிடிப்பார்களாம். ஐந்து வருடத்தில் ஒருவருக்கும் மாத்திரையும் பரிசோதனையும் விட்டுப்போகாதாம். பத்து வருடத்தில், இந்தப் பகுதியில் சுகரால் யாருக்கும் காலோ கண்ணோ போகாதாம். அக்கா அதை இரண்டு தடவை படித்தார்.

"பத்து வருஷத்துக்கு இப்பவே திட்டம் போடறாங்கன்னா, எதையோ நம்ம தலையில கட்டப் போறாங்க. பேர் லிஸ்ட் நேரா மேனேஜர் மேசைக்குத்தான் போகும், பாரு."

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. போன வருடம் சுகரால் கால் விரலை எடுத்த வாட்ச்மேனை, நின்று பார்க்கிற வேலை ஒத்துவராது என்று மேனேஜர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அக்காவுக்கோ வலது கால் கட்டைவிரலில் ஷூ கடித்த புண் இரண்டு மாதமாக ஆறவில்லை. எனக்கு மட்டும்தான் தெரியும், அதற்கும் சத்தியம் வாங்கியிருந்தார். வேலை போய்விடுமோ என்று பலமுறை புலம்பியிருக்கிறார். கால் போய்விடுமோ என்ற பயத்தை மட்டும் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

டீ இடைவேளையில் பேக்கிங் ஹாலிலேயே மேசை போட்டார்கள். நர்ஸ் ஆளுக்கொரு சீட்டைக் கையில் கொடுத்து, ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்து, குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். நாற்பது பேரில் முப்பத்தாறு பேருக்குச் சுகர் எகிறியிருந்தது. எனக்கு முந்நூற்று எண்பது. மேஸ்திரி அங்கேயே உட்கார்ந்து பெண்டாட்டிக்குப் போன் போட்டு, பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அக்கா ரத்தம் கொடுக்காமல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மேசைக்கு வந்தார்.

"சரியா இருக்கிற இந்த நாலு பேரும் ஆபீஸ்காரங்க. மிட்டாயக் கையால தொடாதவங்க." கறுப்புத் துணியை விரித்து என்னைக் கூப்பிட்டார். "விரலை வை."

ஸ்பிரிட் போட்டுத் துடைத்த விரலும் வெள்ளையாகத்தான் பதிந்தது.

"ஏம்மா, நீ பார்த்தது இவங்க ரத்தத்தையா, எங்க கம்பெனி மிட்டாயையா?"

நர்ஸ் முகம் வெளுத்துப்போனது. "சோப்பு போட்டுக் கழுவச் சொல்லியிருக்கணும் அக்கா. தப்பு எங்களோடதுதான். எல்லாருக்கும் திரும்பப் பார்த்துடறோம்."

சண்டைக்குத் தயாராக வந்த அக்காவுக்கு இது ஏமாற்றம்தான். "தப்பை உடனே ஒத்துக்கறவங்களையும் நம்பக் கூடாது" என்று என் காதில் சொன்னார்.

கழுவிவிட்டு வந்து பார்த்தால் ஐந்து பேருக்குத்தான் சுகர். எனக்கு நூற்றுப் பத்து. மேஸ்திரி மறுபடியும் போன் போட்டு, சாவியைத் தொட வேண்டாம் என்றார். எல்லோரும் அக்காவைத் தூக்கி வைத்துக் கொண்டாடினோம். அப்போதுதான் நர்ஸ் கேட்டார். "நீங்க பார்க்கலையா அக்கா?"

அவ்வளவு பேர் நடுவில் இனி எப்படிப் பின்வாங்குவது? அக்கா சோப்பு போட்டுக் கழுவி விரலை நீட்டினார். முந்நூற்று நாற்பது.

"இந்த சோப்புல ஏதோ இருக்கு."

வேறு சோப்பு கொண்டுவரச் சொல்லி முழங்கை வரை தேய்த்தார். முந்நூற்று முப்பத்தாறு. இடது கையைக் கொடுத்தார். முந்நூற்று நாற்பத்தொன்று. தன் கறுப்புத் துணியில் தானே விரலை அழுத்திப் பார்த்தார். துணி கறுப்பாகவே இருந்தது.

ஷிப்ட் முடிந்து நாங்கள் வரிசையில் நின்றபோது, முதல் ஆளாக நர்ஸ் பையோடு கேட்டுக்கு வந்தார்.

"பையத் திற."

திறந்தார். அக்கா சுகர் அளவு எழுதிய தாளை எடுத்தார். ஒன்று முதல் நாற்பத்தொன்று வரை எண்கள் மட்டும்தான், பெயர் ஒன்றுகூட இல்லை. தாளைத் திருப்பி முதுகுப்பக்கமும் பார்த்தார்.

"மேனேஜர் கேட்டா?"

"எந்த நம்பர் யாருதுன்னு அவங்கவங்க கையில இருக்கிற சீட்டுக்குத்தான் தெரியும் அக்கா. சீட்டு உங்ககிட்டதானே இருக்கு?"

அக்கா மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் கேட்டில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. குனிந்து வலது ஷூவின் லேஸை அவிழ்த்தார்.

"பத்து வருஷத்துல யாருக்கும் கால் போகாதுன்னு எழுதி வச்சிருக்கியேம்மா. அதுவரைக்கும் இது தாங்காது. இன்னைக்கே பாரு."

நர்ஸ் பையைத் தரையில் போட்டுவிட்டு மண்டியிட்டார். கேட் திறந்தே கிடந்தது. கேட்பதற்கு ஆளில்லை. ஆனால் எங்களில் ஒருவர்கூட வெளியே போகவில்லை.