மஞ்சள் பூசிய முழங்கால்கள்

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியை எரித்துக்கொண்டு ஊர்ந்தன. மயிலம் போகிறவர்கள் கூட்டேரிப்பட்டில் அரை நாள் காத்துக் கிடப்பார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெரிய ஆட்களுக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கிக் கொடுத்துப் பிழைக்கலாம்.

நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விழுப்புரம் ஜங்ஷனில் காபி கிளப்பில் தம்ளர் கழுவினேன். பாண்டிச்சேரியில் பஞ்சர் ஒட்டினேன். நடுவில் எங்கெங்கோ சுற்றினேன், பட்டினியும் கிடந்தேன். கல்யாணமான பிறகும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. திண்டிவனத்தில் ஓர் அறை பிடித்து மனைவியை அழைத்து வந்தபோது அவளுடைய அண்ணன் கெடு வைத்தார். தை பிறப்பதற்குள் தொழில் நிலைக்க வேண்டும். இல்லாவிட்டால் தங்கையை விழுப்புரத்துக்கே கூட்டிப் போய்விடுவார். நான் அவருடைய மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டை தூக்கலாம். அவர் நல்ல மனுஷர்தான். ஆனால் அந்த மண்டியில் ஒரு மாதம்கூடத் தாங்காமல் நான் ஓடிவிடுவேன் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அப்புறம் அவள் ஓரிடம், நான் ஓரிடம்.

ஆள் பிடிப்பதற்காகக் கூட்டம் சேரும் இடமெல்லாம் போனேன். மண்டி, முடிவெட்டும் கடை, கல்யாணப் பந்தி, பௌர்ணமிக்குத் திருவக்கரைக் கோயில். என் பழைய சைக்கிளைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் நிற்பேன். ஆசை உள்ளவன் முதலில் மணியைத் தொட்டுப் பார்ப்பான். அவனிடம் பேச்சுக் கொடுப்பேன். மழை, விளைச்சல், பஸ் வராத கதை என்று பேச்சு நன்றாகவே போகும். தொழிலைச் சொன்னதும் சிரிப்பு கிளம்பிவிடும்.

"சைக்கிளுக்கு வாத்தியாரா? பொடிப் பசங்க தானா கத்துக்கினு போவுது!"

"நீ பொடிப் பையனாய்யா? இந்தத் தொப்பைய வச்சிக்கினு எப்படி ஏறுவ?" என்று அவனைப் பார்த்துக் கூட நிற்பவர் கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அப்படியும் சிலர் வந்தார்கள். பொழுது விடியும்போது, ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த பொட்டலுக்கு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வருவார்கள். சீட்டைப் பிடித்துக்கொண்டு நான் கூடவே ஓடுவேன். பழகி முடித்த பிறகு கடைத்தெருவில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒருநாள் நான் பழக்கிய கோர்ட்டு குமாஸ்தா திண்டிவனம் மண்டி வாசலில் சைக்கிளில் அழகாக வந்து இறங்கினார். நான் பெருமையோடு கிட்டப் போய் நின்றேன்.

"எங்க சார் கத்துக்கினீங்க?" என்று கேட்டார் மண்டிக்காரர்.

"கத்துக்கிறதா? ஏறினேன், போச்சு" என்றார் குமாஸ்தா, என் பக்கம் திரும்பாமலே.

மார்கழி பாதியில் புதிதாக ஒருவரும் இல்லை. நன்றாகக் கற்றுக்கொண்டவர் வாயைத் திறப்பதில்லை, பிறகு அடுத்த ஆள் எப்படி வருவார் என்று மனைவியிடம் புலம்பினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அவங்க வாயத் தொறக்கலன்னா இன்னா? முட்டிய எங்க கொண்டுபோய் ஒளிப்பாங்க? குமாஸ்தா சம்சாரம் நேத்து கெணத்தாண்ட சொல்லிக்கினு இருந்தாங்க. வீட்டுக்காரரு முட்டிக்கு மஞ்சள் அரைச்சே கை காய்ச்சிப்போச்சாம். வழுக்கி வுழுந்தேன்னாராம். தெனமுமா வழுக்கும்? அரிசிக் கடைக்காரர் வூட்லயும் அதே மஞ்சள்தான்."

"நீ இன்னா சொன்ன?"

"எல்லாம் சைக்கிள்தான், எங்க வூட்டுக்காரருதான் வாத்தியாருன்னு சொல்லிட்டேன். மாட்டுத் தரகர் சம்சாரம் ஒடனே புடிச்சிக்கினாங்க. அவரு ஊர் ஊரா நடந்துட்டு வந்து ராவெல்லாம் காலப் புடிச்சுவுடச் சொல்றாராம். அனுப்பறேன்னாங்க."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இனிமேல் யாரும் விழாமல் பிடித்துக்கொள்கிறேன் என்றேன்.

"ஐயோ, அத மட்டும் செய்யாதீங்க! வுழாத ஆளப் பத்தி கெணத்தாண்ட பேச இன்னா இருக்குது?"

நான் வேண்டுமென்று யாரையும் விட்டதில்லை. அவர்களாகவே விழுந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து மாட்டுத் தரகர் வந்தார். பெரிய மீசை, உரத்த குரல். அன்று குரல் எழும்பவில்லை. "வூட்ல போவச் சொன்னாங்க, வாத்யாரே" என்றார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் அதே வார்த்தையோடு வந்தார்கள். வீட்டில் தெரிந்துவிட்டதால் துண்டு தோளுக்கு இறங்கிவிட்டது.

பொங்கல் கழிந்ததும் மச்சான் விழுப்புரத்திலிருந்து தங்கையை அழைத்துப்போக வந்தார். அவள் மூட்டை கட்டாமல் அவரை நேரே பொட்டலுக்குக் கூட்டி வந்தாள். அந்த நேரம் பார்த்துத் தரகர் சைக்கிளோடு என் கையை விட்டு நழுவி, "வயிவுடு, வயிவுடு!" என்று கத்திக்கொண்டு மச்சான்மேலேயே பாய்ந்தார். மச்சான் வேலிக்குள் குதித்தார். வேட்டியிலிருந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டே, வரிசையாகக் குந்தியிருந்த ஆட்களைப் பார்த்தார்.

"இவங்கல்லாம் யாரு மாப்ள?"

"கத்துக்க வந்தவங்க."

"மூட்டை தூக்கறத விட பேஜாரான தொழிலா இருக்கே!" என்றார். பிறகு தங்கையிடம், "ஜல்தியா சோத்தப் போடும்மா, ரயிலுக்குப் போவணும்" என்றார்.

ஒரு டிக்கெட்தான் வாங்கினார். ரயில் நகர்ந்ததும் அவள் என்னிடம் அறை சின்னது, சைக்கிளை நிறுத்தக்கூட இடமில்லை, அடுத்த தெருவில் ஒரு வீடு காலியாகிறதாம் என்றாள். ஸ்டேஷனிலிருந்து நேரே அந்த வீட்டைப் பார்க்கப் போனோம்.