கல்லில் ஒரு கிட்டுசாமி

ஜெயசுதாவுக்கு எதிலும் அவசரம் கிடையாது. திருப்பூரில் இப்படி ஒருத்தி பிழைப்பு நடத்துவதே அதிசயம்தான். நேற்று அனுப்பியிருக்க வேண்டிய சரக்கை ஊரே இன்றைக்குத் தைத்துக்கொண்டிருக்கும்போது, இவள் ஒரே பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்காகக் கம்பெனி கம்பெனியாகப் போய்ச் சரக்கைச் சோதித்து, பாஸ் அல்லது ஃபெயில் என்று சொல்வது அவள் வேலை. அவள் வண்டி கேட்டுக்குள் நுழைந்தாலே மேனேஜர்கள் பெட்டிகளை இன்னொரு தரம் எண்ண ஓடுவார்கள். துளி சந்தேகம் இருந்தாலும் பாஸ் போட மாட்டாள். கப்பல் போனால் போகட்டும் என்பாள்.

இந்தக் குணத்தையும் கட்டிக்கொண்டுதான் அவள் சரித்திரத்துக்குள் இறங்கினாள்.

நாற்பது வயதுக்கு மேல் தபால்வழியில் எம்.ஏ. வரலாறு படித்தாள். தறிக்காரர் வீட்டுக்கு வெள்ளைக்காரன் கதை எதற்கு என்று கணவர் முருகவேல் கேலி செய்தார். ஆனால் ஃபீஸையும் அவர்தான் கட்டினார். அவர்கள் முன்பு ஊத்துக்குளியில் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் சுப்பையன். தோட்டம், மாடு கன்று என்று வசதியானவர், எண்பதைத் தாண்டியவர். அவள் படிப்பைக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டனுப்பி, மோர் கொடுத்து உட்காரவைத்துத் தன் வழக்கைச் சொன்னார்.

அவருடைய அப்பா பெயர் கிட்டுசாமி. வெள்ளைக்காரன் காலத்தில் கோயமுத்தூர் மில்லில் வேலை செய்தபோது மறியலுக்குப் போய் ஜெயிலில் கிடந்தவர் என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். ஊரில் தியாகிகள் கல்லிலும் கிட்டுசாமி என்ற பெயர் இருக்கிறது. ஆனால் அது தன் அப்பாதான் என்றார் அண்ணன் முறைப் பங்காளி பெருமாள்சாமி. அவர் அப்பா பெயரும் கிட்டுசாமி! அந்தப் பக்கம் தாத்தா பெயரை முதல் பேரனுக்கு வைப்பது வழக்கம். இரண்டு வீட்டுத் தாத்தாக்களான அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு தலைப்பிள்ளையைப் பெற்று, இரண்டுக்கும் தங்கள் அப்பன் பெயரையே வைத்துவிட்டார்கள். இரண்டு கிட்டுசாமிகளும் ஒன்றாகவே மில்லுக்குப் போனார்கள், கல் நடுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தும் விட்டார்கள். கல்லில் ஒரே ஒரு கிட்டுசாமிதான். இன்னார் மகன் என்று ஒரு வரி இல்லை.

கல் திறந்த அன்றைக்குக் கைகலப்பாகி, நின்றது பேச்சு. ஐம்பது வருடமாக நல்லது கெட்டது எதற்கும் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. கோயிலில் அவர் தெற்கே பார்த்து நின்றால் இவர் வடக்கே பார்ப்பார்.

"ஜெயிலுக்குப் போனது எங்கய்யனா, அவிங்கய்யனான்னு எனக்குத் தெரிஞ்சாகோணும் அம்மிணி" என்றார் சுப்பையன். "ரெண்டுல ஒரு ஊடு பொய் சொல்லுது. அது எங்கூடா இருந்தாலும் சரி, சொல்லிப்போடு."

ஜெயசுதா சுப்பையனின் அப்பா கிட்டுசாமியின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தாள். பாதி எழுதியதும் ஜெயில் அத்தியாயத்தில் வண்டி நின்றது. அதற்காகத்தான் சென்னைக்கு ரயில் ஏறத் தொடங்கினாள். அங்கே ஒரு பழைய நூலகத்தில் அரிய சேகரிப்புப் பிரிவு இருக்கிறது. பையை வெளியே வைக்க வேண்டும், பேனா கூடாது, பென்சில்தான். சீட்டு எழுதிக் கொடுத்தால் ஒரு நேரத்துக்கு ஒரு கட்டுதான் மேசைக்கு வரும். பக்கத்தைப் புரட்டுவதைப் பொறுப்பாளர் அனுப்பிரியா கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். மற்றவர்களுக்கு எரிச்சல் வரும் இடம். ஜெயசுதாவுக்கோ தாய்வீடு போல இருந்தது. லீவு நாளெல்லாம் அங்கேதான் போயிற்று.

வைகாசியில், நொறுங்கும் நிலையிலிருந்த ஒரு வாரப் பத்திரிகைத் தொகுப்பில் அந்தப் படம் கிடைத்தது. விடுதலையானவர்கள் ஜெயில் வாசலில் மாலையோடு நிற்கிறார்கள். கீழே வரிசையாகப் பெயர்கள். கிட்டுசாமி என்றிருந்தது. அடுத்த பெயரும் கிட்டுசாமி. அச்சுக் கோத்தவன் தூங்கிவழிந்திருக்கிறான் என்று நினைத்தாள். ஒரே ஸ்டிக்கரை இரண்டு தரம் ஒட்டிய பெட்டிகளை எத்தனை பார்த்திருப்பாள்! பக்கத்தைப் புரட்டியும் விட்டாள். ஏதோ உறுத்தவே, திரும்ப வந்து முகங்களைப் பார்த்தாள். அச்சாக ஒரே மூக்கோடு இரண்டு இளவட்டங்கள். ஒருவன் தோள்மேல் இன்னொருவன் கைபோட்டிருந்தான்.

வேறு யாராக இருந்தாலும் நூலக வாசலிலேயே போனை எடுத்திருப்பார்கள். இவள் எடுக்கவில்லை. படத்தில் தகப்பன் பெயர் இல்லையே! அதே ஜெயிலின் கைதி விவரக் கட்டு தங்களிடம் இருப்பதாகவும், பூச்சி அரித்துச் செப்பனிடப் போயிருப்பதாகவும், வரும்போதுதான் வரும் என்றும் அனுப்பிரியா சொன்னாள். ஜெயசுதா சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினாள்.

முருகவேலிடம் மட்டும் சொன்னாள். "அரைகுறையாவாச்சும் பெரியவர்கிட்ட சொல்லிப்போடு" என்றார் அவர். "வயசானவங்க."

"நாளைக்குத் தப்புன்னு ஆச்சுன்னா? பாஸ் போட்டதத் திருப்பி வாங்க முடியாதுங்க."

ஆடி போய், ஆவணியில் கட்டு வந்தது. ஒரே ஊர், ஒரே பெயர், இரண்டு கைதிகள்; தகப்பன் பெயர்கள் மட்டும் வேறு வேறு. அண்ணன் மகன் ஒருவன், தம்பி மகன் ஒருவன். கல் நட்டவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்பதும் அவளுக்கு விளங்கிவிட்டது. அவர்கள் ஒன்றும் வெளியூர்க்காரர்கள் அல்ல. வீட்டுக்கு வீடு தாத்தன் பெயரை வைத்துக் கூப்பிடுகிற ஆட்கள்தான், ஆனாலும் பட்டியலில் அடுத்தடுத்து ஒரே பெயரைப் பார்த்ததும், எழுதியவன் தவறி இரண்டுதரம் எழுதிவிட்டான் என்று ஒன்றை அடித்துவிட்டார்கள். நல்ல கூத்து!

மறுநாளே படத்தின் நகலோடு ஊத்துக்குளிக்குப் போனாள். சுப்பையன் வேப்பமரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு பேருமா அம்மிணி?"

"ஆமாங்க. சேர்ந்தே உள்ள போயி, சேர்ந்தே வெளிய வந்திருக்காங்க."

"அப்ப அவங்களும் பொய் சொல்லல."

"இல்லீங்க. ரெண்டு ஊடும் சொன்னது நெசந்தானுங்க."

படம் எப்போது கிடைத்தது என்று கேட்டார். வைகாசியில் என்றாள். அவர் வைகாசி, ஆனி, ஆடி என்று விரலில் எண்ணிப் பார்த்துவிட்டு, பெருமாள்சாமி ஆடியில் இறந்துபோனதைச் சொன்னார். இறந்தவரின் பேரன் யுவன் தானே வந்து சாவுச் செய்தி சொன்னானாம். ஐம்பது வருடத்தில் அந்த வீட்டு ஆள் இவர் வாசலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. பொய்யன் வீட்டுச் சாவுக்கு வரமாட்டேன் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார். பங்காளி செத்தால் காதில் விழுந்ததுமே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். அதையும் செய்யவில்லை. கை கழுவி உட்கார்ந்து, வழக்கம்போல மத்தியானச் சோறு சாப்பிட்டிருக்கிறார். இதையெல்லாம் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

வைகாசியிலேயே வந்து இந்தப் படத்தை மட்டுமாவது காட்டித் தொலைத்திருக்கக் கூடாதா என்று ஜெயசுதா தன்னையே வைதுகொண்டாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கேட்கவில்லை. படத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு, மாட்டுக்கு வைத்திருந்த தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நடந்தார். சட்டை வேட்டியோடு குந்தி, சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளத் தொடங்கினார்.

சத்தம் கேட்டு மருமகள் கொட்டகையிலிருந்து ஓடிவந்தாள். யார் தவறிட்டாங்க, எங்கிருந்து போன் வந்தது என்று பதறினாள்.

"எங்கண்ணன் தவறிட்டாரு அம்மிணி" என்றார் சுப்பையன்.