நீதிபதி போகாத துக்க வீடு

ஒரு நேர்மையான மனிதரை உண்மையைச் சொல்லியே தோற்கடித்தவன் நான். பொய் சொல்லியிருந்தால்கூட இத்தனை காலம் இப்படி அறுத்திருக்காது.

அவர் தாராபுரத்தில் முன்சீப் நீதிபதியாக இருந்தபோது நான் அங்கே வக்கீல். ஒரு கிணற்றுப் பாத்தியதை வழக்கு அவரிடம் வந்தது. வாதி அவருடைய கல்லூரித் தோழர். முதல் நாளே அதைத் திறந்த நீதிமன்றத்தில் சொல்லி, ஆட்சேபனை உண்டா என்று கேட்டார். எதிர்த்தரப்பு வக்கீலான நான், ஆட்சேபனை இல்லை என்றேன். விசாரணை பாதியில் நிற்கும்போது அந்தத் தோழர் மாரடைப்பில் இறந்துபோனார். சேதி கேட்டதும் நீதிபதியின் அறைக்குப் போனேன். கையில் இலையில் சுற்றிய மாலையோடு புறப்பட நின்றிருந்தார்.

"ஐயா, அந்த ஊட்டுக்கு நீங்க போனீங்கன்னா, வழக்கை வேற கோர்ட்டுக்கு மாத்தச் சொல்லி மனுப் போடுவேனுங்க" என்றேன்.

மாலையை மேசைமேல் வைத்துவிட்டு, அங்கியை மாட்டிக்கொண்டு பெஞ்சுக்கு வந்தார். பிறகும் அவர் துக்கம் கேட்கப் போகவில்லை. தோழரின் வாரிசுகள் தொடர்ந்து நடத்திய வழக்கில் நான் ஜெயித்தேன்.

ஓய்வு பெற்றதும் மங்கலம் பக்கத்தில் தன் சொந்த ஊரில் ஊராட்சித் தலைவர் தேர்தலில் நின்றார். சாயப்பட்டறைத் தண்ணீர் இறங்கிய கிணறுகளுக்கு ஒரு வழி பிறக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. எதிரே நின்றது என் பங்காளி. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு வராதவனை மன்னித்துவிடுவார்கள். எழவுக்கு வராதவனை மன்னிக்க மாட்டார்கள். அது தெரிந்துதான் தறிக்கூடத்து முன்னால் மைக் பிடித்தேன்.

"கூடப் படிச்ச சிநேகிதன் எழவுக்கே போகாத மனுசனுங்க. உங்க ஊட்டுக்கு வருவாருங்களா?"

"சம்மன் அனுப்பினா வருவாருங்கோ!" என்று ஒருவன் கத்தினான். கூட்டம் சிரித்தது. இறந்த தோழரின் மனைவிக்கும் அதுதான் பிறந்த ஊர். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அந்த அம்மா நின்றதைப் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை. தேர்தலில் நீதிபதி தோற்றார்.

போன வருடம் என் மனைவி இறந்தாள். பந்தல் போடும் முன்பே வந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டவர் அவர்தான்.

"நீங்களாங்க?"

"இப்ப நான் யாருக்கும் ஜட்ஜ் இல்லீங்களே" என்றார்.

காரியம் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய், ஊரைக் கூட்டி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"என்னன்னு சொல்லுவீங்க? உங்களுக்குப் பயந்து போகலைன்னா? நீங்க வராட்டியும் நான் போயிருக்கக் கூடாதுங்க. மாலை வாங்கினதே தப்பு. என் தப்பை உங்க பேர்ல எழுதிக்காதீங்க வக்கீலய்யா."

என் குற்றத்தைக்கூட என்னிடம் தர மறுத்துவிட்டார். மனம் ஆறாமல் இறந்த தோழரின் மனைவியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"மாலை வாங்கி வெச்சிருந்தாருங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "அவரு வந்துருவாரு, வந்துருவாருன்னு பொழுது எறங்கற வரைக்கும் பொணத்தை எடுக்க உடாம உக்காந்திருந்தனுங்க" என்றார்.

 அந்த அம்மா எழுந்து உள்ளே போனார். எங்கள் ஊர்களில் பகையாளி வந்தாலும் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். மருமகள் சொம்போடு வந்தாள்.

"அவருக்கு வேண்டாங் கண்ணு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.