தண்ணீரை அடைத்த மனிதர்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் அன்று இருந்த பதினான்கு பிள்ளைகளும் இன்றைக்கு நல்லபடி ஓடித் திரிகிறார்கள் என்றால், அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார். அவரை முதன்முதலாகப் பார்த்தபோது கஞ்சி அகப்பையால் நெற்றியில் போட்டேன்.

கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம்தான் பிள்ளைக் காம்பரா. அங்கே பார்த்துக்கொள்கிறவள் நான். மேலே ஓடையிலிருந்து குழாயில் வரும் தண்ணீர் எங்கள் தொட்டியில் விழும். மழை குறைந்த மாதங்களில், நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயத்துக்கு லயம் முறை வைத்துத்தான் தண்ணீர். அடுத்தவர் முறையில் வந்து வால்வை மூடி, தண்ணீரைத் தங்கள் பக்கம் திருப்புகிறவர்களும் உண்டு. அதைவிடப் பெரிய பாவம் எங்கள் ஊரில் கிடையாது.

அன்று காலை எங்கள் முறை. மேலே ரோட்டுப் பக்கம் தடாலென்று ஒரு சத்தம் கேட்டது. லொறியிலிருந்து பலகை இறக்குகிறார்கள் என்று நினைத்து, கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியே பார்த்தால், முன்பின் தெரியாத ஓர் ஆள் தொட்டியடியில் குனிந்து வால்வைச் சுற்றுகிறான். உடம்பெல்லாம் கறுப்பாய் நனைந்திருந்தது. நிற்கவே தள்ளாடினான்.

எனக்குக் கோபம் வந்தால் நாக்கும் நிற்காது, கையும் நிற்காது. அகப்பையோடு ஓடினேன்.

"எவன்டா அது? எங்க முறையில கைய வைக்கிறது?"

அவன் வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை, எச்சிலும் ரத்தமும்தான் வந்தன. அவன்மேல் அடித்த வாடை என்னவென்று யோசிக்காமலே, குடிகாரன் என்று முடிவுகட்டி நெற்றியில் ஒன்று வைத்தேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. வால்வை மூடி, அதன் பித்தளைப் பிடியையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தேயிலைக்குள் ஓடினான். பித்தளைத் திருடன் என்று லயமே கேட்கக் கத்தினேன்.

சூடு ஆறுவதற்குள் பொலிஸ் ஜீப் வந்தது. பொகவந்தலாவைக்கு டீசல் ஏற்றிப் போன பவுசர் லொறி மேலே வளைவில் புரண்டுவிட்டதாம், டிரைவரைக் காணோமாம். நான் விடுவேனா? குடித்துவிட்டு வந்தான், திருடிக்கொண்டு ஓடினான் என்று கொட்டித் தீர்த்தேன். எழுதிக்கொண்டார்கள். வாசித்துக் காட்டினார்கள். கையெழுத்தும் போட்டேன்.

அவர்கள் போன பிறகுதான், அவன்மேல் அடித்த அதே டீசல் வாடை மேலிருந்து இறங்கியது. ஓடைக்கு ஓடினேன். குழாய் தண்ணீர் எடுக்கும் குட்டை முழுவதும் டீசல் மினுங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது, அடி சிமெந்து தெரிந்தது. வால்வு திறந்திருந்தால் அந்த டீசல்தான் பிள்ளைகளின் கஞ்சிக்கு வந்திருக்கும். அந்த டிரைவர், டீசல் ஓடையில் இறங்குவதைக் கண்டு குழாய் வழியே ஓடிவந்து மூடியிருக்கிறார், யாரும் திறந்துவிடக் கூடாதென்றுதான் பிடியைக் கழற்றியிருக்கிறார்.

அன்று பின்னேரம் அவரைத் தேயிலைக்குள் மயங்கிக் கிடக்கக் கண்டெடுத்தார்கள். ஸ்டியரிங்கில் மோதித் தாடை உடைந்திருந்ததாம். வால்வுப் பிடி கையில்தான் இருந்ததாம்.

மறுநாளிலிருந்து தோட்டமே ஓடையில் இறங்கியது. மானாப்புல்லை வெட்டி உரச்சாக்குகளில் திணித்து, டீசலை உறிஞ்ச ஓடையை மறித்துப் போட்டோம். சாக்கு ஊற ஊற மாற்றினோம். கையெல்லாம் வெந்து தோல் உரிந்தது. தவளைச் சத்தம் நின்றுபோனது. ஓடைக்கரையில் ஓர் அட்டைகூட இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அட்டைக்காக வருத்தப்பட்டேன்.

பவுசர் கம்பனியோ கையை உதறிவிட்டது. வண்டியில் கோளாறே இல்லை, டிரைவர் குடித்திருந்தார், விட்டுவிட்டு ஓடினார், நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். சாட்சி யார்? நான்தான். நேரங்கழித்துச் சோதித்ததால் மருத்துவ அறிக்கை எந்தப் பக்கமும் உறுதியாகச் சொல்லவில்லை. என் வாய்ச்சொல் ஒன்றுதான் அந்த மனிதரை விளக்கமறியல் சிறையில் வைத்திருந்தது. சொன்னதை மாற்ற வேண்டும் என்று பொலிஸுக்குப் போனேன். கோர்ட்டில் சொல்லுங்கள் என்றார்கள்.

"பேசாம இரு புள்ள. மாத்திச் சொன்னா ஒன்னய உள்ள தள்ளிருவாங்க" என்றார் வீட்டுக்காரர்.

"தள்ளட்டுங்க. அவர் இல்லாட்டி நம்ம லயத்துல எத்தன வீட்டுல ஒப்பாரி கேட்டிருக்கும்?"

வழக்கு நாளன்று வீட்டுக்காரரும் ஹட்டன் கோர்ட்டுக்கு விடிந்ததும் என்னோடு பஸ் ஏறினார். தைரியத்துக்கு ஆள் வேண்டுமே என்றார், யாருடைய தைரியத்துக்கு என்று சொல்லவில்லை.

கூண்டில் ஏறினேன். கம்பனி லோயர் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "சாராய வாடை அடித்ததா?"

"டீசல் வாடதாங்க அடிச்சிச்சு. சாராயமான்னு நான் மோந்து பாக்கலங்க."

"அப்படியானால் குடித்திருந்தார் என்று ஏன் கையெழுத்துப் போட்டீர்கள்?"

"கோவத்துல போட்டேங்க. எங்க தண்ணியத் திருட வந்தவர்னு நெனச்சேன். அவரு எங்க புள்ளைங்களக் காப்பாத்த வந்தவருங்க. நான் சொன்னது தப்பு. தண்டனன்னா எனக்குக் குடுங்கய்யா."

நீதவான், தீர விசாரிக்காமல் இனி எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்று எச்சரித்தார். வண்டியின் பிரேக்கைச் சோதித்து அறிக்கை தரும்படி உத்தரவிட்டார். அடுத்த தவணையில் டிரைவருக்குப் பிணை கிடைத்தது. பிரேக் பழுது என்று அறிக்கை வந்த பிறகு வழக்கிலிருந்தே விடுதலையானார். ஓடையைச் சுத்தம் செய்து கொடுப்பது கம்பனியின் தலையில் விழுந்தது. தவளைச் சத்தம் திரும்பிய அன்று, நான் கும்பிடாத சாமியில்லை.

ஓடை தேறிவிட்டது, நாங்கள்தான் இன்னும் தேறவில்லை. இன்றைக்கும் எங்கள் லயத்தில் யாரும் தண்ணீரை முகர்ந்து பார்க்காமல் குடிப்பதில்லை. பேசத் தொடங்கிய பிள்ளைகூட டம்ளரை மூக்கடியில் வைத்துவிட்டுத்தான் வாய்க்குக் கொண்டுபோகும்.

போன மாதம் ஒரு நண்பகலில் அந்த டிரைவர் வந்தார். கினிகத்தேனைக்காரராம். கூடவே மனைவி. கோர்ட் திருப்பிக் கொடுத்த வால்வுப் பிடியைத் துடைத்துப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் திரட்டி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் நெற்றித் தழும்பைத் தொட்டுக் காட்டி, மனைவியிடம், "மே அக்கா தமா" என்றார். இந்த அக்காதான். அந்த அம்மா என் கையைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

வெயிலில் ஏறி வந்த களைப்பு அவருக்கு. தண்ணீர் கேட்டார். தொட்டிக் குழாயைத் திறந்து டம்ளரை நிறைத்து, வழக்கம்போல மூக்கடிக்குக் கொண்டுபோனேன். அவர் கை நீட்டி வாங்கிக்கொண்டார். முகர்ந்து பார்க்காமலே குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கேட்டார்.